‘படம் எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்குப் பிறகு

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டம் தொடங்கும் முன் வகுப்பறை வராந்தாவில் சற்று நேரம் நின்றால் போதும். வார இறுதியில் யார் எந்தப் படம் பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் பார்த்தவர், அண்ணனின் கைப்பேசியில் பார்த்தவர், மாமாவோடு டவுன் தியேட்டருக்குப் போய் வந்தவர் என எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. பாடவேளையில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகூட அங்கே கையை வீசி, குரலை மாற்றி, ஒரு காட்சியை முழுதாக நடித்துக் காட்டுகிறது.

மணி அடித்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. நாமும் ‘சினிமாக் கதையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்குகிறோம். ஆனால் மொழிப் பாடத்தில் நாம் எதிர்பார்க்கும் திறன்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். கண்டதையும் கேட்டதையும் வரிசையாகக் கூறுதல், கருத்துச் சொல்லுதல், அதற்குக் காரணம் காட்டுதல், பிறர் கருத்தைக் கேட்டு ஏற்றல் அல்லது மறுத்தல். இவை அத்தனைக்குமான விதை அந்த வராந்தாப் பேச்சில் இருக்கிறது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவருவது எப்படி என்பதை, தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் என் வகுப்பு அனுபவத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

படம் பார்த்துப் பேசும் மரபு

ஒன்றாகப் படம் பார்ப்பதும், முடிந்ததும் கலைந்து போகாமல் உட்கார்ந்து பேசுவதும் பழைய வழக்கம்தான். 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்கள் கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உலகப் படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிட்டு விவாதித்தார்கள். அப்படிப் பார்த்துப் பேசிப் பழகியவர்களில் ஒருவர்தான் பின்னர் 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தந்தார். அத்தகைய சங்கங்கள் நாட்டின் பல நகரங்களில் தோன்றின. ஊர் டீக்கடை பெஞ்சில் நடப்பதும் ஒருவகையில் அதே வேலைதான்.

நம் பள்ளிகளுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. 2022இல் பள்ளிக் கல்வித் துறை, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு மாதந்தோறும் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டத்தைத் தொடங்கியது. ‘தி ரெட் பலூன்’ என்ற பிரெஞ்சுப் படத்தை நம்மில் பலர் மாணவர்களோடு பார்த்தது அப்போதுதான். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘திரைமொழி’ ஒரு பாடமாகவே இடம்பெற்றது. ஆகவே படத்தைக் காட்டலாமா என்பது இப்போது கேள்வியில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு வரும் இருபது நிமிடங்களில் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

‘செம’வும் ‘மொக்கை’யும்

‘படம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் வரும் பதில்களை நாம் அறிவோம். செம, மாஸ், வேற லெவல், மொக்கை, போர். இந்தச் சொற்களைத் திருத்த வேண்டியதில்லை. அவை பிள்ளைகளின் உண்மையான முதல் உணர்வு. ஆனால் அவை தீர்ப்புகள். ஒரு சொல்லில் தீர்ப்பைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடும் விமர்சனங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, கருத்து என்றாலே மதிப்பெண் போடுவதுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

தீர்ப்பைக் காரணத்தோடு கூடிய கருத்தாக மாற்ற எனக்குத் தெரிந்த மிக எளிய கருவி ஒரே ஒரு கேள்வி: ‘படத்தில் எங்கே பார்த்தாய்?’

‘தி ரெட் பலூன்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். ஆல்பெர் லமோரிஸ் இயக்கி 1956இல் வெளிவந்த படம். 34 நிமிடங்களே ஓடும். வசனம் மிகக் குறைவு. பாரீஸ் நகரத்தின் மெனில்மோந்தான் பகுதியில் ஒரு சிறுவன் பள்ளிக்குப் போகும் வழியில் விளக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த சிவப்புப் பலூனை எடுக்கிறான். அது அவனுக்குத் தோழனாகிவிடுகிறது. சிறுவனாக நடித்தவர் இயக்குநரின் மகன் பஸ்கால். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருது, வசனமே அதிகமில்லாத இந்தக் குறும்படத்துக்குக் கிடைத்தது என்பதை மாணவர்களிடம் சொன்னால் வியப்பார்கள்.

இந்தப் படம் முடிந்ததும் ‘உங்களுக்குப் பிடித்திருந்ததா?’ என்று கேட்பதைவிட, ‘அந்தப் பலூனுக்கு உயிர் இருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இருக்கு சார்’ என்று வகுப்பே சொல்லும். ‘எதைப் பார்த்துச் சொல்கிறாய்?’ என்று அடுத்துக் கேளுங்கள். ஜன்னலுக்கு வெளியே விட்ட பிறகும் அது பறந்து போகாமல் அங்கேயே காத்திருந்தது என்பான் ஒருவன். கயிற்றைப் பிடிக்கப் போனால் விளையாட்டுக் காட்டி நழுவியது என்பாள் ஒருத்தி. பையனை அறையில் பூட்டிய தலைமையாசிரியரைப் பலூன் விடாமல் துரத்தியதை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், சிரிப்போடு. எந்தப் பதிலையும் நாம் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிலும் ஒரு சான்று. பாடநூலில் ‘இக்கருத்தை நிறுவுக’ என்று கேட்கிறோமே, அதைத்தான் பிள்ளைகள் செய்கிறார்கள். தாங்கள் அதைச் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்து நிறத்தைப் பற்றிக் கேட்கலாம். ‘தெரு என்ன நிறத்தில் இருந்தது?’ சாம்பல் நிறச் சுவர்கள், மங்கிய படிக்கட்டுகள், அவற்றுக்கு நடுவே பளிச்சென்ற சிவப்பு. ‘பலூன் பச்சையாக இருந்திருந்தால்?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒளிப்பதிவு, வண்ணம் என்ற சொற்களை அறியாமலே அவற்றைப் பற்றி மாணவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

‘நீதி என்ன?’ என்று கேட்காமல் இருப்பது

கதை சொல்லி முடித்ததும் ‘இதிலிருந்து நாம் அறிவது என்ன?’ என்று கேட்பது நம் ஆசிரியர் இனத்தின் கைப்பழக்கம். திரைப்படத்திலும் அந்தக் கேள்வி தானாக வந்துவிடும். அது வந்தால் பேச்சு முடிந்தது என்று பொருள். ஏனென்றால் நமக்கு எது பிடிக்கும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

1997இல் வெளிவந்த, மஜித் மஜீதி இயக்கிய ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ என்ற ஈரானியப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தைக்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிய தங்கையின் காலணியை அலி வழியில் தொலைத்துவிடுகிறான். வீட்டில் பணக்கஷ்டம். அப்பாவிடம் சொல்லாமல் அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்குப் போகிறார்கள். இந்தப் படத்துக்கு நீதி கேட்டால் ‘பெற்றோரிடம் மறைக்கக் கூடாது’ என்ற பதில் கிடைக்கும். படத்தில் அவ்வளவு நேரம் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடிய மாணவர், நமக்காக அந்த ஓட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வாக்கியத்தை எடுத்து நீட்டுகிறார்.

அதே படத்தில் ஒரு காட்சி. தங்கை சாரா தன் காலணியைப் பள்ளியில் வேறொரு சிறுமியின் காலில் பார்த்துவிடுகிறாள். அண்ணனும் தங்கையும் அந்தச் சிறுமியின் வீடு வரை பின்தொடர்ந்து போகிறார்கள். அவளுடைய அப்பாவுக்குப் பார்வை இல்லை என்பதைத் தொலைவிலிருந்து காண்கிறார்கள். ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். இங்கே நிறுத்தி, ‘ஏன் திரும்பினார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி, ‘அவங்க இவங்களைவிடக் கஷ்டப்படுறாங்க சார்’ என்றாள். இன்னொரு மாணவன் ஒப்புக்கொள்ளவில்லை. ‘கஷ்டம்னாலும் அது சாராவோட ஷூதானே, கேட்டிருக்கலாம்’ என்றான். மூன்றாமவன், ‘கேட்டிருந்தா அந்தப் பொண்ணு அப்பா முன்னாடி அசிங்கப்பட்டிருப்பா’ என்றான். இரக்கம், உரிமை, தன்மானம் என்ற மூன்று சொற்களையும் நான் கரும்பலகையில் எழுதவில்லை. மூன்றையும் அவர்களே தொட்டுவிட்டார்கள். நீதிபோதனை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினாலும் இந்த இடத்துக்கு வந்திருப்போமா என்பது ஐயமே.

இந்தப் படத்தின் முடிவும் பேசத் தக்கது. மூன்றாம் பரிசு ஒரு ஜோடிக் காலணி என்பதற்காக ஓட்டப் பந்தயத்தில் ஓடும் அலி, முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் கொண்டாட, அவன் அழுகிறான். ‘அலி ஜெயித்தானா, தோற்றானா?’ என்று கேட்டு வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம். அப்போது யாராவது ஒரு பிள்ளை, அப்பாவின் சைக்கிளில் புதுக் காலணிகள் இருந்ததை நினைவூட்டும். சில நொடிகளே வரும் அந்தக் காட்சியைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ‘திரும்பப் போடுங்க சார்’ என்பார்கள். மறுபடி பார்க்கும்போது வகுப்பில் இருக்கும் அமைதியைக் கவனியுங்கள். ஒரு செய்யுளைத் திரும்பப் படித்துப் பொருள் காண்பது போன்றதுதான் இதுவும்.

பிள்ளைகளின் காலைப் பார்க்காதீர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் படம் ஓடும் அறையில் செருப்பில்லாமலோ பிய்ந்த காலணியோடோ உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்கலாம். ‘நம் வகுப்பிலும் இப்படி யாராவது இருக்கிறீர்களா?’ என்று நல்லெண்ணத்தோடு கேட்டாலும் அந்தப் பிள்ளை கூசிப் போகும். திரையில் வருபவரைப் பற்றிப் பேசுவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அலியைப் பற்றிப் பேசுவதாகவே தன்னைப் பற்றி ஒரு பிள்ளை பேசிக்கொள்ளலாம். அந்தத் திரையை நாம் விலக்கக் கூடாது. தன் வீட்டைப் பற்றித் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மேலும் துருவ வேண்டாம். கவலைப்படத்தக்க ஒன்றைப் பிள்ளை சொன்னால் அதை வகுப்பின் நடுவில் பேசாமல், பிறகு தனியாக அழைத்துக் கேட்பதே முறை.

என் நடிகர், உன் நடிகர்

உயர்நிலை வகுப்புகளில் வேறொரு சிக்கல் வரும். பிள்ளைகள் வெளியே பார்த்த படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது சில நிமிடங்களில் இரண்டு நடிகர்களின் ரசிகர்களுக்கு இடையிலான சண்டையாகிவிடும். ‘அந்தப் படம் நன்றாக இல்லை’ என்பது ‘உன் ஆள் சரியில்லை’ என்று கேட்கப்படுகிறது. பிறகு ‘நீ சரியில்லை’ என்றாகிவிடுகிறது. நண்பர்கள் பேசாமல் போவதும், சில வேளை கைகலப்பு வரை போவதும் நாம் காணாதது அல்ல. படத்தைப் பற்றிய கருத்து வேறு, படத்தில் நடித்தவரைப் பற்றிய கருத்து வேறு, படத்தை விரும்புகிறவரைப் பற்றிய கருத்து வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகாத மாணவர், நாளை வேறு விவகாரங்களிலும் அப்படியேதான் இருப்பார்.

இதற்கு நான் பின்பற்றும் விதிகள் மூன்று. ஒன்று, நடிகரின் பெயரைச் சொல்லாமல் கதாபாத்திரத்தின் பெயரையே சொல்ல வேண்டும். இரண்டு, மறுப்பதற்கு முன் மற்றவர் சொன்னதைத் தன் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். ‘நான் சொன்னது அதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. மூன்று, கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி ஆகாது. ‘முதலில் அப்படி நினைத்தேன், இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது’ என்று சொல்பவருக்கு வகுப்பு கைதட்டும்.

பெரிய நட்சத்திரம் இல்லாத படங்கள் இந்தப் பயிற்சிக்கு உதவும். மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’, சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதில் பீட்சா சாப்பிட வேண்டும் என்ற ஆசைக்காக அத்தனை பாடுபட்ட இரண்டு சிறுவர்கள், கடைசியில் அதைச் சாப்பிட்டுவிட்டு, ஆயா சுட்டுத் தந்ததே நன்றாக இருந்தது என்கிறார்கள். ‘அப்படியானால் அவர்கள் பட்ட பாடு வீணா?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் வலுவான காரணங்கள் சொல்லலாம். அணி பிரிய எந்த நடிகரும் தேவையில்லை.

தொடக்கப் பள்ளியில்

சிறு வகுப்புகளுக்கு ஐந்து நிமிடப் படமே போதும். பார்த்ததும் பேசச் சொல்லாமல் வரையச் சொல்லலாம். ‘உனக்கு மறக்காத ஒரு காட்சியை வரை’ என்றால் முப்பது பிள்ளைகளும் முப்பது விதமாக வரைவார்கள். எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள், ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் நின்றது வேறு என்பதை அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டும்போதே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

படத்தில் காட்சிகள் எப்படிப் பேசுகின்றன என்பதைக் காட்டப் படக்கருவியே தேவையில்லை. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனையை மூன்று நான்கு அட்டைகளில் செய்யலாம். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு முகத்தை ஓர் அட்டையில் ஒட்டுங்கள். சோற்றுத் தட்டு, அழும் குழந்தை, உடைந்த பொம்மை ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளில் வையுங்கள். தட்டையும் முகத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் ‘அவருக்குப் பசி’ என்பார்கள். குழந்தைக்குப் பிறகு அதே முகத்தைக் காட்டினால் ‘கவலைப்படுகிறார்’ என்பார்கள். பிறகு, மாறாதது அந்த முகம்தான் என்று சொல்லிக் காட்டுங்கள். எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதால் நம் மனத்தில் பொருள் உண்டாகிறது என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அறிந்துகொண்டால், அது விளம்பரத்தையும் கைப்பேசியில் வரும் வெட்டி ஒட்டிய காணொளியையும் சற்று நின்று பார்க்கும்.

சில நடைமுறைகள்

திரையிடும் நாளில் கைக்கொள்ளத் தக்க சில செய்திகள்:

படத்தை நாம் முன்கூட்டியே முழுதாகப் பார்த்துவிட வேண்டும். எங்கே நிறுத்துவது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது அப்போதுதான் தெரியும். ஒரு படத்துக்கு மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் படம் தெரியாததால் பிள்ளைகள் கவனம் சிதறுவதில்லை, கேட்காததால்தான் சிதறுகிறது.

வேற்றுமொழிப் படமானால் எழுத்துகளை வேகமாகப் படிக்க முடியாத பிள்ளைகளுக்காகத் தொடக்கத்தில் கதைமாந்தர்களின் பெயரையும் இடத்தையும் மட்டும் சொல்லலாம். கதையைச் சொல்லிவிடக் கூடாது. சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற மௌனப் படங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1921இல் வந்த அந்தப் படத்தில் சிறுவன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைக்க, வளர்ப்புத் தந்தை கண்ணாடி மாட்டுபவராகப் பின்னாலேயே வரும் காட்சிக்கு எந்த ஊர்ப் பிள்ளையும் சிரிக்கும். ‘அவர்கள் செய்தது சரியா?’ என்று கேட்டால் சிரிப்பு நின்று யோசனை தொடங்கும்.

படம் முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. உடனே பேச்சைத் தொடங்கினால் எப்போதும் பேசுகிற நான்கு பேரே பேசுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதிக்கொண்டால், பேசத் தயங்கும் பிள்ளைக்கும் வாசிக்க ஒரு வரி கையில் இருக்கும்.

ஆசிரியரின் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும், அதுவும் மாணவர்கள் கேட்டால் மட்டும். நாம் முதலில் சொன்னால் வகுப்பு முழுவதும் நம் கருத்தையே திருப்பிச் சொல்லும்.

எழுதச் சொல்வதானால் ஐந்து வாக்கியங்கள் போதும். பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று, கருத்து ஒன்று, ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் காரணம் ஒன்று, மாற்றுக் கருத்து உடையவருக்குச் சொல்ல விரும்புவது ஒன்று. மதிப்பிடும்போது கருத்துக்கு மதிப்பெண் வேண்டாம். படம் பிடிக்கவில்லை என்று எழுதியவரும் முழு மதிப்பெண் பெறலாம். காரணம் படத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பதையே பார்க்க வேண்டும்.

ஒரு மாணவனின் கருத்து

‘தி ரெட் பலூன்’ முடிவில், முரட்டுப் பையன்கள் அந்தப் பலூனைக் கல்லெறிந்து வீழ்த்திவிடுகிறார்கள். உடனே நகரத்துப் பலூன்கள் எல்லாம் திரண்டு வந்து சிறுவனை வானத்தில் தூக்கிச் செல்கின்றன. இது மகிழ்ச்சியான முடிவு என்று வகுப்பு ஏறத்தாழ ஒருமனதாகச் சொன்னபோது, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மெதுவாக, ‘நிறைய பலூன் வந்துச்சு சார். ஆனா அந்தப் பலூன் வரலையே’ என்றான்.

வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. பிறகு இருவர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது, தான் கண்டதை வைத்துத் தனியாக ஒன்றைச் சொல்ல ஒரு பிள்ளைக்குத் துணிவு வந்தது. அதைச் சிரிக்காமல் கேட்க மற்றவர்களுக்குப் பொறுமை வந்தது. அடுத்த மாதம் படம் போடும்போது விளக்கைப் போட்டவுடன் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். இருபது நிமிடம் உட்கார வையுங்கள். மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு நாம் கேட்பவர்களாக இருப்போம்.